மேசையில் இரண்டு சோடி சாய்

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பதற்றம் அடங்காத நாட்கள். முஸ்லிம் வீடுகளைத் தேடித் தேடிச் சோதித்தார்கள். பாலமுனையில் எங்கள் வீட்டைச் சோதனையிட்ட இராணுவத்தினர், அலுமாரியிலிருந்து என் சாய் சோடியை எடுத்தார்கள். ஜப்பானியரின் மூன்று கவர் இரும்பு ஆயுதம் அது, முனை மழுங்கியது. கராத்தேயோடு அதையும் பொழுதுபோக்காகப் பழகிவந்தேன்.

"இது பழகுற சாமான், சேர்" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. மனைவியின் கண்முன்னே என்னை ஜீப்பில் ஏற்றிப் பொலிஸில் ஒப்படைத்தார்கள்.

பின்னேரம், என்னோடு சாய் பழகும், என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் காரைதீவு வசந்தன் பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தன் சாய் சோடியை மேசையில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"சேர், நாங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தான் பழகுற. காக்காவப் பிடிச்சா என்னையும் பிடியுங்க."

அதிகாரி அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார். அட்டையையும் சாயையும் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க போங்க. உங்களுக்குப் பிரச்சினை இல்ல."

"அப்ப இவருக்கு மட்டும் என்ன பிரச்சினை?" வசந்தன் மேசையை விட்டு நகரவில்லை.

 அவரை வெளியே தள்ளினார்கள். என்னை விளக்கமறியல் சிறையில் போட்டார்கள்.

பல வாரம் கழித்துப் பிணையில் வந்தேன். பிறகு சாயைத் தொட மனம் வரவில்லை. வசந்தனால் என்னை மீட்க முடியவில்லைதான். ஆனால் அந்த மேசையில் நடந்ததை என்னோடு சேர்ந்து அவரும் பார்த்தார். தனியே பார்த்திருந்தால் நான் என்னவாகியிருப்பேனோ, தெரியாது.