மீன்காரி தொண்டையில முள்ளு

கூவி மீன் விக்கிறவளுக்குக் காலு நொந்தா பரவால்ல, கழுத்து நொந்தா பரவால்ல, தொண்ட மட்டும் படுத்துக்கக் கூடாது. வாத்தியாரு, கண்டக்டரு, ஏலக்காரன்னு தொண்டய வெச்சிப் பொழைக்கிறவங்க எல்லாம் எங்க கூட்டந்தான். உங்களுக்குத்தான் சொல்றேன், கேளுங்க.

காரப்பொடிக் கொழம்பு

மெட்ராஸ்ல டிராம் வண்டிய நிறுத்துன வருசம். காசிமேட்டுல மீன எடுத்து, ராயபுரத்துல தெருத்தெருவா வித்துகினு இருந்தேன். ஒரு நாளு, காரப்பொடின்னு முள்ளு நெறஞ்ச பொடி மீனு, அதுல வெச்ச கொழம்பு துன்னப்புறம், தொண்டக் குழியாண்ட இன்னாவோ அடச்சிகினு நின்னுச்சு. மறுநாளும் போவல. என்கூடக் கூடை தூக்குற அஞ்சலையாண்ட, "முள்ளு மாட்டிகினு கீதுடி, டாக்டராண்ட காட்டட்டா?"ன்னேன். அவ சுத்தும் முத்தும் பாத்துட்டு என் வாயப் பொத்தினா. "கம்முனு கெட. மீனு விக்கிறவ தொண்டையிலயே முள்ளுன்னா, நாளைக்கு எவ நம்மகிட்ட வாங்குவா?"

சோத்து உருண்ட

எங்காளுங்களுக்கு முள்ளு மாட்டினா ஒரே வைத்தியந்தான். சோத்த உருட்டி, மெல்லாம அப்டியே முழுங்கறது. முழுங்கினேன், முழுங்கினேன், ரெண்டு மாசம் முழுங்கினேன்! கடசில உருண்டையே எறங்கல. அப்பால கஞ்சியும் நின்னு நின்னுதான் எறங்குச்சு, தண்ணி குடிச்சா மூக்கால வந்துச்சு. அஞ்சலையாண்ட "முள்ளு பூட்ச்சுடி"ன்னு புளுகிட்டேன். வூட்டுக்காரு கேட்டா "அப்பவே துன்னுட்டேன்யா"ன்னுடுவேன். உள்ளுக்குள்ள மட்டும், செத்துப் பூடுவேனோன்னு ஒரே பயம்.

கூவினா இருமல் வந்துச்சு. அதனால பாதித் தெருவு கம்முனே நடந்தேன். மளிகைக்கடைக்காரரு சம்சாரம், திருநெல்வேலிப் பக்கத்து அம்மா, வாசல்ல நின்னு கேட்டாங்க: "ஏம்மா, ஒரு வாரமா ஒன் சத்தத்தையே காணோமே. மீனு பழசோ?"

ஒரு வாயி காப்பி

அந்தம்மாவுக்கு நல்ல மனசு. ஒரு நாளு கூப்ட்டு காப்பி குடுத்தாங்க. வேணாம்னு சொல்ல முடியல. ஒரு வாயிதான், புரையேறி மூச்சே நின்னு பூட்ச்சு. அவங்கதான் முதுகுல தட்டி உக்கார வெச்சாங்க. ரவிக்க தொளதொளன்னு தொங்கறதயும் பாத்துட்டாங்க. அழுதுட்டேன். "மூணு மாசமா முள்ளு மாட்டிகினு கீதும்மா, யாராண்டயும் சொல்லிடாதீங்க"ன்னேன். வந்துச்சே அவங்களுக்குக் கோவம்! "மூணு மாசமா ஒரு முள்ளு இருக்குமா, கோட்டிக்காரி? மீனப் பத்தி நான் ஒனக்குச் சொல்லணுமா? கூடைய எறக்கி வையி, ஆஸ்பத்திரிக்கு நட."

டாக்டரம்மா

படம் புடிச்சாங்க, கொழா வுட்டுப் பாத்தாங்க. முள்ளே கெடையாது! தொண்ட முடிஞ்சு சாப்பாட்டுக் கொழா ஆரம்பிக்கிற எடத்துல ஒரு தசை கீதாம். முழுங்கறப்ப அது வழி வுடணும், எனுக்கு இறுக்கிப் புடிச்சிகினு வுடலியாம். பாவம் அந்தக் காரப்பொடி, சும்மா அது மேல பழியப் போட்டிருக்கேன்.

அப்பப்ப வரச் சொல்லி, ரப்பர் கொழா வுட்டு வழி பண்ணாங்க. கஞ்சி தடங்காம எறங்கின அன்னிக்கு, எதிர்ல யாரு கீறாங்கன்னும் பாக்காம ஓன்னு அழுதேன். நான் அழுது முடிக்கட்டும்னு இருந்துட்டு, டாக்டரம்மா திட்டினாங்க: "முழுங்கக் கஷ்டமா இருந்தா ரெண்டு வாரத்துக்கு மேல பொறுக்கக் கூடாது. தண்ணி புரையேறுது, உடம்பு இளைக்குதுன்னா அன்னிக்கே வரணும். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா உன்னைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க."

வஞ்சிரம், சங்கரான்னு ஊருக்கே கேக்கற மாரி கூவினவளுக்கு, "முழுங்க முடியல"ன்னு ஒரு வார்த்த வெளிய சொல்ல மூணு மாசம் ஆச்சு, போங்க.