பின் சக்கரத்துக்கும் ஒரு ஸ்டீயரிங்

போன வாரம் ஏலகிரி பஸ்ஸில் ஒரு சின்ன ரகளை. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்துவிட்டது. எங்கள் பஸ்தான் பின்னால் நகர வேண்டும். கண்டக்டர் இறங்கிப் பின்பக்கம் போய், தகரத்தைத் தட்டித் தட்டிக் குரல் கொடுத்தார். டிரைவர் அவர் சொன்னபடி அங்குலம் அங்குலமாக வந்தார்.

என் பக்கத்தில் சஃபாரி சூட் போட்ட ஒருவர். அவருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட டிரைவருக்கு, டிக்கெட் கிழிக்கிறவரா வண்டி ஓட்டச் சொல்லித் தர வேண்டும் என்று சத்தமாகவே கேட்டார்.

டிரைவர் திரும்பாமலே பதில் சொன்னார். "முன்னாடி நான் ஓட்டறேன் சார். பின்னாடி அவருதான் ஓட்டறாரு."

பஸ் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாடி ஓட்டுகிற வேலையை நானும் ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன் — நிஜமாகவே, கையில் ஒரு ஸ்டீயரிங்கோடு.

எழுபத்தாறோ எழுபத்தேழோ. ஆம்பூரில் ஒரு டேனரியில், சுண்ணாம்புக் குழியில் வேலை. எட்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு வேறென்ன கிடைக்கும்? ஈரத் தோலை இழுத்து இழுத்து நாலு விரலில் நகம் போயிருந்தது. மற்றபடி சௌக்கியம். ஃபிட்டர் ஞானராஜ் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் படுத்துக்கொள்வேன்.

ஞானராஜுக்கு என் வயதுதான். டேனரியில் டிரம் என்று ஒன்று உண்டு — தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுச் சுழற்றுகிற பெரிய மர உருளை. ஓர் அறை அளவு இருக்கும். அதில் மாட்டி, இரண்டு வருஷம் முன்பு அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கட்டைக்காலோடு அதே டேனரியில் அதே வேலை.

அவன் மனைவி எஸ்தர் நர்ஸ். ஆலங்காயத்துக்கு மேலே, ஜவ்வாது மலையில் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன மருந்தகத்தில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு மலையிறங்கி வருவார். திங்கள் விடியும்போது கிளம்பிவிடுவார். ரோடு கிடையாது. மாட்டு வண்டிகூடத் தயங்குகிற காட்டுப் பாதை, நடைதான். மிஷன் ஜீப் ஒருமுறை இரண்டாவது வளைவு வரை போய்ப் பார்த்தது. பாதை அவ்வளவு குறுகல், வளைவு அவ்வளவு இறுக்கம். மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்தும் திரும்பாமல், இறங்கி வந்துவிட்டது.

அந்த வருஷம் எஸ்தரிடமிருந்து ஒரு கடிதம். மூன்று வருஷக் கெடு அடுத்த ஈஸ்டரோடு முடிகிறது. மறுபடி மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, கீழே ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்பதா என்று மிஷனில் கேட்பார்கள். ஞானராஜ் கீழே வா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடிதத்தில் கடைசி இரண்டு வரியை அவனே எனக்குப் படித்துக் காட்டினான். 'ஒரு தரம் மேலே வந்து பாருங்கள். பார்க்காமல் என்னைக் கூப்பிடாதீர்கள்.'

எப்படிப் போவது? மலைக்காரர்கள் டோலி கட்டித் தூக்கிப்போகத் தயாராக இருந்தார்கள். எஸ்தர் முன்பே சொல்லி வைத்திருந்தார். இவன் மாட்டேன் என்றான். நாலு பேர் சுமந்து போகிற சாமானா நான் என்று கேட்டான். கால் போன ஆளிடம் அதற்கு மேல் யார் பேசுவது?

அதனால் வண்டி கட்டினான்.

இரண்டு காயலான் ஜீப்புகளிலிருந்து இரண்டு முன் ஆக்ஸில். முன் ஆக்ஸிலின் சக்கரம்தானே திரும்பும்? ஒன்றை முன்னால் வைத்தான். இன்னொன்றைத் திருப்பிப் பின்னால் வைத்தான். பின்னதன் ஷாஃப்ட் நேராக வராமல் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஓடியது. ஓடியது, அவ்வளவுதான். உடம்பெல்லாம் டேனரியில் கழித்துப் போட்ட நீராவிக் குழாய். மேலே கூரை இல்லை, பக்கத்தில் கதவு இல்லை. ஆனால் சீட் மட்டும் அசல் எருமைத் தோல் — ஆம்பூராயிற்றே.

முன் சக்கரம் இடது பக்கம் திரும்பினால் பின் சக்கரம் வலது பக்கம் திரும்ப வேண்டும். அப்போதுதான் வண்டி பாதி இடத்தில் வளையும். இரண்டையும் ஒரே ராடில் இணைத்துப் பார்த்தான். கால் இல்லாததால் கிளட்சைக் கைக்கு மாற்றியிருந்தான். மிச்சம் இருந்த ஒரு கையால் நாலு சக்கரத்தையும் திருப்ப முடியவில்லை. ராடைக் கழற்றினான். பின் ஆக்ஸிலுக்குத் தனியாக ஒரு ஸ்டீயரிங், தனியாக ஒரு சீட். அதில் உட்கார ஓர் ஆள் வேண்டும். வேலைவெட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் என்னிடம் ஏராளம்.

சைலன்ஸர் பெயருக்குத்தான். கத்தினாலும் காதில் விழாது. டேனரியிலும் அப்படித்தான்... டிரம்கள் ஓடும்போது பேச்சு எடுபடாது. மேஸ்திரி குழாயில் தட்டுவார். தட்டின கணக்குக்கு ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள். அந்தப் பழக்கத்தையே ஞானராஜ் வண்டிக்கும் கொண்டுவந்தான். ஒரு தட்டு, வண்டி இடது பக்கம். இரண்டு, வலது. மூன்று, நேர். விடாமல் தட்டினால் பிரேக் போடப்போகிறான். கை இரண்டும் வேலையாக இருந்ததால் கட்டைக்காலால் குழாயைத் தட்டுவான். நல்ல கணீர் சத்தம்.

பாலாற்று மணலில் பழகினோம். கோயில் முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேரே வந்துவிடுவான். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். தோல் மண்டி கபூர் பாய் தினுசு தினுசாகக் கிண்டல் செய்வார். "இன்னா தோஸ்த், முன்னாடி இருக்கிறவன் கல்யாணத்துக்குப் போறான், பின்னாடி இருக்கிறவன் கோர்ட்டுக்குப் போறானா?"

நாலே வாரத்தில் எனக்குக் கை பழகிவிட்டது. தட்டு விழும், கை திரும்பும். நடுவே யோசனை என்று ஒன்று கிடையாது. ஞானராஜுக்கு அதில் ரொம்பத் திருப்தி. யோசிக்காமல் திருப்புகிறாய், அதுதான் வேண்டும் என்றான். எட்டு ஊரில் பத்துப் பன்னிரண்டு வேலை பார்த்தவன் நான். எல்லா வேலைக்கும் கேட்ட தகுதி அது ஒன்றுதான்.

பாலாறு எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் போனாலும் மணல்தான். அங்கே நாங்கள் கற்றுக்கொள்ளாமல் விட்ட பாடம் ஒன்று இருந்தது.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு மலையேறினோம். முதல் வளைவு தாண்டியது. ஜீப் திரும்பி வந்த இரண்டாவது வளைவை ஒரே மூச்சில் தாண்டினோம். ஞானராஜ் சந்தோஷத்தில் காரணமில்லாமல் குழாயைத் தட்ட, நான் குழம்பிப்போனேன்.

மூன்றாவது வளைவு. இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் ஒன்றுமில்லை, மரங்களின் தலைதான் தெரிந்தது. ஒரு தட்டு விழுந்தது. முன் சக்கரம் பாறையை ஒட்டி இடது பக்கம் போனது. நான் பின்னதை வலது பக்கம் திருப்பினேன். வண்டியின் வால் வலது பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கும்தானே? பாலாற்றிலும் அப்படித்தான் ஒதுங்கியிருக்கும். அங்கே யார் கவனித்தார்கள்?

குனிந்து பார்த்தேன். என் வலது சக்கரத்துக்குக் கீழே கல் உருண்டது. அது கீழே போய் விழுந்த சத்தம் வரவே இல்லை.

தட்டு எதுவும் விழவில்லை. நானாக ஸ்டீயரிங்கை நேராக்கினேன். வால் உள்ளே வந்தது. வண்டியின் இடது விலா பாறையில் மோதி, மட்கார்டு சுருண்டு, என்ஜின் நின்றுவிட்டது. குதித்துச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

ஞானராஜ் திரும்பாமலே கேட்டான். "நான் எத்தினி தட்டினேன்?"

"ஒண்ணு."

"அப்புறம் இன்னாத்துக்கு நேராக்கினே? பதினோரு மாச வேலைப்பா... ஒரு நிமிஷத்துல பேஜார் பண்ணிட்டே."

"எறங்கி வந்து பாரு."

குழாயைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தான். மண்ணில் டயர் தடம் இருந்தது. பாதித் தடம்தான் இருந்தது. மீதிப் பாதிக்கு மண் இல்லை.

ரொம்ப நேரம் அதையே பார்த்தான். பிறகு பாறையில் சாய்ந்துகொண்டான்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"திருப்பும்போதே தெரிஞ்சுது."

"சொல்றதுக்கு இன்னா?"

"எதுல சொல்றது? தட்டுறது எல்லாம் உங்கிட்டதானே இருக்கு."

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் நிலவரம். முன்னாலிருந்து பின்னால் வர நாலு வகைத் தட்டு வைத்திருந்தோம். பின்னாலிருந்து முன்னால் போக ஒன்றுகூட இல்லை. அது தேவைப்படும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. டேனரியில் வேலை பார்த்தவர்களுக்கு எப்படித் தோன்றும்? மேஸ்திரி தட்டுவார், மற்றவர்கள் கேட்பார்கள்.

ஞானராஜ் தன் கட்டைக்காலைப் பார்த்துக்கொண்டே பேசினான். அதுவரை அதைப் பற்றி அவன் என்னிடம் பேசியதில்லை. "டிரம்முக்குள்ள ஒடஞ்ச மர ஆப்பு ஒண்ணை மாத்திட்டிருந்தேன். ஒரு கால் வெளியே வெச்சிட்டேன். நான் எறங்கிட்டேன்னு நெனைச்சு மேஸ்திரி தட்டிட்டாரு. உள்ளேருந்து நானும் சுத்தியால தட்டினேன்பா. எல்லாருக்கும் கேட்டுது. உள்ளேருந்து தட்டினா இன்னா அர்த்தம்னு ஒருத்தனுக்கும் தெரியல."

டூல் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தான். இனி வளைவில் நீ தட்டு, நான் கேட்கிறேன் என்றான். மிச்சம் இருந்த ஏழு வளைவையும் அப்படித்தான் ஏறினோம். மெதுவாகத்தான். அவனுக்கு அது எளிதாக இல்லை என்பது பின்னாலிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவன் பிடரி ஒருமுறை விறைக்கும்.

மருந்தகம் இரண்டு அறை. வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் எட்டிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார், சுருண்ட மட்கார்டைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார். கண் கலங்கியது. கையில் ஊசி இருந்ததால் உள்ளே போய்விட்டார்.

நாலு மணி வரை நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டோலியில் ஒரு கர்ப்பிணி வந்தாள். பாம்பு கடித்த ஒருவரைத் தோளில் சுமந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஞானராஜ் யாரென்று தெரிந்திருந்தது. ஆம்பூர் அண்ணன் வந்துவிட்டார் என்று ஒருவர் சாமைச் சோறு கொண்டுவந்தார்.

கடைசி ஆள் போனதும் எஸ்தர் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். "சொல்லுங்க. கீழே வான்னு கூப்பிடத்தானே வந்தீங்க?"

அதற்குத்தான் வந்திருந்தான். பதினோரு மாதமாக வெல்டிங் செய்துகொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு அவனிடம் தயாராக இருந்தது. பாதி எனக்கே மனப்பாடம்.

ஞானராஜ் அதைப் பேசவில்லை. "உனக்கு இன்னா தோணுது எஸ்தர்?" என்றான்.

எஸ்தர் அவனையே பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வி முதல்முறை போலிருக்கிறது.

"இத ஒரு இன்லாண்டு லெட்டர்ல கேட்டிருக்கலாமே" என்றார்.

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் நமக்கென்ன வேலை? ஆனால் யோசித்துப் பார்த்தால், இன்லாண்டு லெட்டரில் அவன் கேட்டிருப்பானா? அந்த வளைவுக்கு முன்னால் அவனிடம் அந்தக் கேள்வியே இல்லை.

எஸ்தர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஈஸ்டர் முடிந்த வாரம் மறுபடி மலையேறினோம். இந்த முறை வண்டியில் ஞானராஜின் டூல் பெட்டி, கட்டில், சைக்கிள் பம்ப், இரண்டு கோழி. டேனரி வேலையை விட்டுவிட்டான். மனைவியைக் கூட்டிவரப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

கேள்வி கேட்பதில் இருக்கிற ஆபத்தே அதுதான்... பதில் வந்துவிடும்.