கேரியர் இல்லாத சைக்கிள்

சித்தப்பா வாங்கி வந்த சைக்கிளில் கேரியர் இல்லை. மட்கார்டு, ஸ்டாண்டு, மணி எதுவும் இல்லை. சீட் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஹேண்டில்பார் மட்டும் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மற்றதையெல்லாம் கழற்றி விற்றுவிட்டு மீதியை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றாள். அப்பா தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் சமாதானம். இது பி.எம்.எக்ஸ்., இப்படித்தான் வரும் என்றார் சித்தப்பா. பிறகு என்னைக் காட்டி, பாப்பாவுக்குத்தான் வாங்கினேன் என்றார்.

எனக்கு அப்போது பதினொரு வயது. என் பிறந்த நாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பரீட்சையில் நான் எதையும் சாதித்திருக்கவில்லை. காரணமில்லாமல் ஒருவர் எனக்குச் சைக்கிள் வாங்கித் தருவார் என்பதை நான் நம்பவில்லை. நான்கு நாளில் என் சந்தேகம் சரியென்று ஆனது. சைக்கிள் என் பெயரில் இருந்தது; சித்தப்பாவிடம் ஓடியது.

சுங்குவார்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரே காம்பவுண்டில் வரிசையாக இருந்த ஐந்து வீடுகளில் எங்களுடையது முதல் வீடு. அப்பா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைன் லீடர். அவருடைய தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கி, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு டிரெய்னியாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தார். டிரெய்னி காலம் முடிந்ததும் பர்மனென்ட் ஆக்குவார்கள், அல்லது வீட்டுக்கு அனுப்புவார்கள். அது தெரியவேண்டிய வருடம் அது. குன்றத்தூரில் ஒரு வரன் வேறு கூடிவந்திருந்தது. ஜாதகம் பொருந்தி, பெண்ணைப் பார்த்து, இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வந்ததும் நிச்சயம் என்று பேச்சு. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு உண்டா என்பதை அப்புறம்தான் கேட்பார்கள். முதலில் கேட்பது, பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்று.

காலை ஷிப்டு முடிந்து மூன்றேகாலுக்கு வரவேண்டிய சித்தப்பா, ஆறரைக்கு வர ஆரம்பித்தார். கேட்டால் ஓ.டி., கூடுதல் நேர வேலை என்றார். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் பள்ளி விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பேன்; சைக்கிள் இருக்காது. சித்தப்பா கம்பெனியில் இருக்கிறார் என்றால், சைக்கிள் எங்கே? இந்தக் கேள்வி வேறு யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. முழங்காலுக்குக் கீழே புதுப்புதுக் காயங்கள்; மெஷினில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். எந்த மெஷின் இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் இடிக்கும்? ஊறுகாயையும் அப்பளத்தையும் தொடுவதில்லை. சோறு பாதியாகக் குறைந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார். போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசினார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளிக்கு ஒரு போலீஸ் அதிகாரி வந்து போதைப்பொருள் பற்றிப் பேசினார். பெரிய அட்டை ஒன்றை மாட்டி, அதிலிருந்த அடையாளங்களைக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். உடல் மெலிவது, பசி குறைவது, புதிய நண்பர்கள், விளக்க முடியாத காயங்கள், வீட்டில் பொய் சொல்வது, காரணமில்லாமல் சிரிப்பது. கடைசியில், கையில் பட்டை கட்டி ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவன் படம். இப்படி யாரையாவது பார்த்தால் எங்களிடம் சொல்லுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது என்றார். பிறகு நடந்த வினாடி வினாவில் எனக்கு இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. அட்டை முழுவதும் எனக்கு மனப்பாடம்.

ஒரு சனிக்கிழமை சித்தப்பாவின் பின்னால் போனேன். எங்கள் தெருக்கோடியில் தொழிற்பேட்டையின் சுற்றுச்சுவர். அதற்கு அந்தப் பக்கம், சாலை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, கம்பெனி மட்டும் வராத ஒரு பெரிய மனை. சித்தப்பா சுவரில் இருந்த உடைசல் வழியாகச் சைக்கிளோடு உள்ளே போனார். சுவரோரம் கிடந்த சிமெண்டுக் குழாய் ஒன்றின் மேல் நான் ஏறி எட்டிப் பார்த்தேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வெவ்வேறு கம்பெனிச் சட்டைகள். எல்லோரிடமும் அதே மாதிரி மொட்டைச் சைக்கிள். தலையில் கம்பெனியில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட், அதைப் பெட்டி கட்டும் நாடாவால் தாடையோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முழங்காலில் பேக்கிங் தெர்மாகோல். எங்கோ அஸ்திவாரம் தோண்டிய மண்ணை வரிசையாக மேடு மேடாகத் தட்டியிருந்தார்கள். கடைசியில், வெளிநாட்டிலிருந்து மெஷின் வந்த பெட்டிகளின் பலகையால் ஒரு சரிவு.

சைக்கிளில் சீட் இருந்தும் ஒருவரும் உட்காரவில்லை. மிதிக்கவும் இல்லை. மேட்டில் ஏறும்போது உடம்பைத் தளர்த்தி, இறங்கும்போது அமுக்கி, அந்த அமுக்கலிலேயே வண்டியை ஓட்டினார்கள். ஒருவர் போகும்போது மற்றவர்கள் காத்து நின்றார்கள். சரிவிலிருந்து ஒருவர் பறந்து சரியாக இறங்கினால் யாரும் கைதட்டவில்லை. நின்றவர்கள் முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் இரண்டு முறை தட்டினார்கள். அது ஏதோ ரகசியக் குறியீடு என்று முடிவு செய்தேன். சித்தப்பா மூன்றாவது மேட்டில் விழுந்தார். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. விழுந்ததற்கு எதற்குச் சிரிப்பு? அட்டையில் இருந்ததுதான்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தன் சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டுப் பையைத் திறந்தார். சித்தப்பா அவர் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் கறுப்புப் பட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் சுற்றினார். அதற்குமேல் அவருடைய முதுகு மறைத்துவிட்டது. சற்றுக் கழித்து இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. நான் குழாயிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவர் தானாக வந்தார். பத்து நாள் கழித்து, பால் பாக்கெட் வாங்கப் போன இடத்தில், டீக்கடை பெஞ்சில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளப்பான ஷூ, ஒட்ட வெட்டிய முடி. டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எங்கள் காம்பவுண்டையே பார்த்தார். மாஸ்டரிடம் சித்தப்பா பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். மாஸ்டர் என்னைக் காட்டினார்.

"இன்னா பாப்பா, அந்த மொத வூடா நீ?" என்றார். எனக்குக் குளிர்ந்த பாதாம் பால் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சித்தப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார், யாரோடு சேருகிறார், சம்பளம் வந்த அன்று எங்கே போகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இப்படிக் கேட்பவர்கள் யார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மஃப்டியில் வந்திருக்கிறார்.

"எம் பேரு வெளிய தெரியாதுல்ல?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியாது. நீ சொல்லு."

அட்டையில் இருந்த வரிசைப்படியே சொன்னேன். பட்டை வரைக்கும் சொன்னேன். எந்த ஆசிரியரும் நான் பேசுவதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அந்த வாரமே குன்றத்தூரிலிருந்து சேதி வந்தது. ஜாதகத்தை வேறோர் இடத்தில் காட்டினார்களாம், அமையவில்லையாம். பொருந்திய ஜாதகம் ஒரு மாதத்தில் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று அப்பா கேட்டார். விசாரிக்க வந்தவர்களிடம் யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றாள் அம்மா. யாரோ என்று சொன்னாலும் அவள் கண் இரண்டாவது வீட்டின்மேல் இருந்தது. அந்த வீட்டு அக்காவுக்குத் தன் தங்கையைச் சித்தப்பாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கட்டியிருந்த துணிக்கொடியை அம்மா அவிழ்த்துவிட்டாள். குழாயடியில் அந்த அக்கா, "நா இன்னாக்கா பண்ணேன்?" என்று கேட்டாள். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். எனக்கும் அந்த அக்கா மேல்தான் சந்தேகம். போலீஸ் விசாரணையும் கல்யாணமும் என் மனதில் தனித்தனியாக இருந்தன. எப்போது சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்பதுதான் என் கவலை.

யாரும் பிடித்துப் போகவில்லை. மாறாக அவருக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அப்பா அதை மூன்று முறை படித்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சித்தப்பா ஆர்டரைக் கவரில் போட்டுக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் பஸ் ஏறினார். மத்தியானம் திரும்பியவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாப்பா வா என்று என்னையும் அந்த மனைக்கு அழைத்துப் போனார். அன்று அங்கே வேறு யாரும் இல்லை. பலகைமேல் உட்கார்ந்தோம்.

"அந்தப் பட்டை, அது பிரஷர் பாக்குற மெஷின்" என்றார், எடுத்த எடுப்பில். "கட்டிவிட்டவரு எங்க கம்பெனி மெடிக்கல் ரூம்ல நர்ஸா இருக்குற அண்ணன்."

பிறகு நிதானமாகச் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் கம்பெனியில் எல்லோரையும் சோதித்தபோது அவருக்கு ரத்த அழுத்தம் அதிகம் என்று வந்ததாம். இருபத்தாறு வயதில். கடைசிச் சோதனைக்குள் இறங்காவிட்டால் அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள். மாத்திரையை முழுங்கினால் மட்டும் போதாது, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று வேலை பார்த்து, கேன்டீனில் சாப்பிட்டு, வந்து படுக்கிற உடம்பு எப்படி இறங்கும் என்று கேட்டு, நர்ஸ் அண்ணன்தான் இங்கே கூட்டிவந்தாராம். இந்த மேடுகளில் இருபது நிமிடம் ஓட்டினால் தொடை, இடுப்பு, தோள், மூச்சு எல்லாம் வேலை செய்யும். முதல் வாரம் இரண்டு மேட்டுக்கே மூச்சு வாங்கியதாம். இப்போது எட்டு மேட்டையும் தாண்டுகிறாராம். அழுத்தமும் இறங்கிவிட்டது. கல்யாணம் பேசுகிற நேரத்தில் பிரஷர் என்ற வார்த்தை குன்றத்தூருக்குப் போய்விடக் கூடாது என்று வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

"காலைல அங்கதான் போயிருந்தேன்" என்றார். "பொண்ணோட மாமா தான் விசாரிக்க வந்துட்டுப் போனாராம். கையில பட்டை கட்டிக்கினு ஊசி போட்டுக்கிறேன்னு யாரோ சொன்னாங்களாம். ஊசி இல்லன்னு சொல்லணும்னா பிரஷருன்னு சொல்லணும். சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாங்க?"

"டீ குடுத்து அனுப்பிட்டாங்க."

பாதாம் பால் வாங்கிக் கொடுத்தவரின் ஷூ எனக்கு நினைவுக்கு வந்தது. சித்தப்பா சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் செவுரு மேலேந்து பாத்தா இங்க நடக்கறது தெரியுமா பாப்பா?"

"தெரியல" என்றேன்.

"சரி" என்றார்.

பிறகு மஞ்சள் ஹெல்மெட்டை என் தலையில் வைத்து நாடாவை இறுக்கி, சைக்கிளில் ஏற்றினார். உட்காராதே, மேட்டில் ஏறும்போது விட்டுக்கொடு, இறங்கும்போது அமுக்கு என்றார். முதல் மேட்டில் நின்றுவிட்டேன். இரண்டாம் முறை வண்டி தானாக அடுத்த மேட்டுக்கு ஏறியது. வயிறு மேலே வந்து கீழே போயிற்று. திரும்பிப் பார்த்தேன். என் கையில் அவர் அந்த வண்டியை ஒருநாளும் கொடுத்ததில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் என்று யோசித்தபோது பிடி நழுவி விழுந்தேன். அவர் ஓடிவரவில்லை. நான் எழுந்து நிற்கும்வரை காத்திருந்தார்.

வீடு திரும்பியபோது குழாயடியில் சண்டை ஆரம்பித்திருந்தது. இரண்டாவது வீட்டு அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கணவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலு பேரிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு இங்கே இருக்க முடியாது என்றார். அம்மா, போட்டுக்கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சித்தப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"அண்ணி, அந்தக்கா ஒண்ணும் பண்ணல. நான்தான் வேணான்னு ஆள் வுட்டுச் சொல்லிட்டேன். பொண்ணு புடிக்கல."

அப்பா உள்ளேயிருந்து வந்து, இன்னாடா சொல்ற என்று கேட்டார். சித்தப்பா அதையே இன்னொரு முறை சொன்னார். ஒரு பெண்ணைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்கிறவன் என் தம்பியே இல்லை என்றார் அப்பா. பொங்கல்வரை அவரிடம் பேசவில்லை. அம்மா மட்டும் அன்று மாலையே துணிக்கொடியை மறுபடி கட்டினாள்.

அன்று இரவு வழக்கம்போல் சித்தப்பாவுக்குப் பக்கத்தில்தான் எனக்குத் தட்டு வைத்திருந்தார்கள். காலையில் அந்தப் பெண்ணைக் கேட்டுக் குன்றத்தூர் வரை போனவர், சாயங்காலம் அவளைப் பிடிக்கவில்லை என்கிறார். அப்பா முகத்தைப் பார்த்தே சொல்கிறார். கூசாமல் பொய் சொல்கிற ஆள் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. இப்படிப்பட்டவரை எப்படி நம்புவது என்று, தட்டை எடுத்துக்கொண்டு அப்பா பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தேன்.