இல்லாத பொருளுக்கு இரண்டு மெஷின்

"இந்த 9999தான் நம்ம ஸ்டார் ப்ராடக்ட். இதுக்குன்னே தனியா ரெண்டு மெஷின் போடப் போறோம்" என்று எம்.டி. திரையில் அதிக ஆர்டர் வந்த பட்டியலின் முதல் வரியைக் காட்டிச் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. 9999 என்று ஒரு பொருளே எங்களிடம் கிடையாது. பயிற்சிக்காக சிஸ்டத்தில் போட்டு வைத்த டம்மி டிராயிங் நம்பர் அது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மெஷின் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. நான் சிஸ்டம்ஸ் மேனேஜர். எங்கள் பிழைப்பே அவசர வேலையில்தான் ஓடியது. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஓர் ஆலையில் மெஷின் நின்றால், உடைந்த ஷாஃப்டைக் கோணியில் சுற்றி பைக்கில் வைத்து நேராக எங்கள் கேட்டுக்கு வருவார்கள். ஷாப் சூப்பர்வைசர் பாஸ்கர் அதை அளந்து, அதன் மேலேயே சாக்பீஸால் வந்த நேரத்தை எழுதி லேத்துக்கு அனுப்புவார். மறுநாள் மாலைக்குள் புதுசு தயார். அளவு குறித்த படம், அதாவது டிராயிங், எல்லாம் அப்புறம்தான்.

புதிதாக வாங்கிய மென்பொருளோ டிராயிங் நம்பர் இல்லாமல் வேலையைத் தொடங்குவதற்கான ஜாப் கார்டே திறக்காது. அதைக் கட்டாயமாக்கிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். ஷாப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், ஏசி அறையில் உட்கார்ந்து போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

கூட்டம் முடிந்ததும் பாஸ்கரிடம் ஓடினேன். "யாரு இந்த 9999ஐப் போடுறது?"

"எல்லாரும்தான் மேடம். டிராயிங் இல்லன்னா உங்க பொட்டி தொறக்கவே மாட்டேங்குது. ட்ரெய்னிங்ல நீங்க குடுத்த நம்பர் கீது, அத்தப் போட்டா தொறக்குது. வந்தவன் மெஷினு நின்னுகினு கீது. நான் இன்னா பண்றது?"

எம்.டி.யிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"அப்ப டம்மி நம்பரைத் தூக்கிடுங்க. டிராயிங் இல்லாம வர்றவங்களைத் திருப்பி அனுப்புங்க. திங்கட்கிழமையிலேர்ந்து முழுசா சிஸ்டம்தான். சாஃப்ட்வேரை ஏத்துக்கிட்டோம்னு ஃபைனல் சைன்-ஆஃப்ல கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"என்னது?"

"டிராயிங்கோட வர்றவனுக்கு எஸ்டேட்டு முழுக்கக் கடை இருக்கு. அது இல்லாதவன்தான் நம்மகிட்ட வர்றான். அவனையும் அனுப்பிட்டா நம்மகிட்ட விக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?"

"நீங்க போடலைன்னா போடுற ஆளை நான் பார்த்துக்கறேன்."

"பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் கேட்ல வந்து நில்லுங்க."

முகப்பேர் வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். பயம் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

என்னைப் பொய்யாக்கவே வந்தாரோ என்னவோ, மறுநாள் காலை எம்.டி. கேட்டுக்கு வந்து, ஜாப் கார்டு போடும் கம்ப்யூட்டர் முன்னால் தானே உட்கார்ந்தார். பால் பாக்கெட் போடும் ஆலையிலிருந்து ஒருவர் ஷாஃப்டோடு வந்தார்.

"டிராயிங் இருக்கா?" என்றார் எம்.டி.

"ஷாஃப்டையே கையில குடுக்கறேன், படம் கேக்கறியே சார்! அங்க பாலு கெட்டுப்போவுது, சீக்கிரம் பாரு சார்."

எம்.டி. நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டுத் தட்டிப் பார்த்தார்; ஜாப் கார்டு திறக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமலே நான்கு ஒன்பதுகளைத் தட்டினார். பாஸ்கர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

சைன்-ஆஃப் தள்ளிப்போனது. மென்பொருள்காரர்களை ஷாப்பில் நிற்கவைத்து அவசர வேலைக்கென்று தனித் திரை போடவைத்தோம். உடைந்த பாகத்தின் போட்டோவும் வந்த நேரமும் போதும், ஜாப் கார்டு திறக்கும். டிராயிங்கை டெலிவரிக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கம்பெனி எதை விற்றுப் பிழைக்கிறது என்று தெரியாமல் எந்த மென்பொருளையும் தொடாதீர்கள். தொழிலாளி பொய் நம்பர் போட்டால் அவரைத் திட்டாதீர்கள். அவருடைய வேலைக்கு உங்கள் திரையில் இடமில்லை என்று அர்த்தம். அப்படி இடம் விடாத மென்பொருளுக்கான தாளில், மிரட்டுகிறவர் முதலாளியே ஆனாலும், கையெழுத்துப் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். இரண்டாவது முறை போடவில்லை.