மாதா படத்தடியில் எண்ணெய்க் கொம்பனி வாசல்

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் இஷொய் நகரில் இருந்தோம். கட்டடத்தின் நிலக்கீழ் அறையில்தான் எல்லோரும் உடுப்புத் தோய்ப்போம். மெஷின் ஓடி முடியும்வரை மேல்வீட்டு ஈராக்காரி அரபுச் சஞ்சிகை வாசிப்பாள். ஒருநாள் அவள் புரட்டிய பக்கத்தில் ஒரு கறுப்பு இரும்பு வளைவு வாசலைக் கண்டேன். வளைகுடாவில் எண்ணெய்க் கொம்பனியில் வெல்டிங் வேலை செய்த என் தம்பி, அதே வாசலில் நின்றுதான் எங்களுக்குப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அந்த வேலை இருக்கும்வரைதான் அவனுக்கு விசா. வேலை போனால் கொழும்புக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே வந்திறங்கும் எங்கள் தமிழ்ப் பெடியளை ஆமி பிடித்துக்கொண்டு போகும் காலம்.

அரபு வாசிக்கத் தெரியாவிட்டாலும் சஞ்சிகையைக் கேட்டேன், தந்தாள். அந்தப் பக்கத்தை வெட்டி மாதா படத்தடியில் வைத்து, தம்பியின் வேலைக்காகத் தினமும் மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொன்னேன். வெட்டியெடுத்த படத்தில் வாசலுக்கு முன்னால் கோட் போட்ட சிலர் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஆரப்பா இவங்கள்? புதுசா வந்த அப்போஸ்தலரோ?" என்று என் மனுசன் பகிடி விட்டார்.

"தம்பியின்ர முதலாளிமாராக்கும். சும்மா இருங்கோ."

ஒரு மாதம் கழித்து ஈராக்காரி தேத்தண்ணி குடிக்க வந்தாள். பக்கத்தைக் கண்டதும் அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை டேனிஷில் சொன்னாள்:

"நல்ல செய்தி வைத்திருக்கிறாய்! கொம்பனியில் வெள்ளைக்காரன் பங்கு முழுவதையும் அந்த நாட்டு அரசாங்கமே எடுத்துவிட்டது. இனி எண்ணெய் அரபு மக்கள் எங்களுடையது."

"அங்கே வேலை செய்கிறவர்கள்?"

"வெளியாட்களை அனுப்புகிறார்கள். இனி அந்த நாட்டுப் பிள்ளைகளே செய்வார்கள்."

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு யாராவது அங்கே…?"

"ஓம், தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். விளங்கியிருக்க வேண்டும். கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடி என்றேன்.

அடுத்த கிழமை தம்பியின் கடிதம் வந்தது. "அக்கா, கொம்பனி கைமாறிட்டுது. எங்களைக் கொழும்புக்கு அனுப்புறாங்கள். போய்ச் சேர்ந்ததும் எழுதிறன்."

கடிதம் எங்களுக்குக் கிடைத்தபோது அவன் இறங்கிப் பல நாள் ஆகியிருக்கும். அதன்பிறகு ஒரு வரியும் வரவில்லை.

ஒருநாள் இவர், "அந்தப் பக்கத்தை எடுத்துவிடப்பா" என்றார். பகிடியாக அல்ல, மெதுவாக. நான் எடுக்கவில்லை. அவன் நின்றதாக எனக்குத் தெரிந்த கடைசி இடம் அந்த வாசல்தான். அதன் முன்னால் வழக்கம்போல முழங்காலில் இருந்தேன். வாய் மட்டும் செபம் சொல்லிக்கொண்டிருந்தது.