எலோடியாவின் ஆறு நிமிட நடை

"பெண். வயது அறுபத்து மூன்று. இதய பலவீனம், மூன்றாம் நிலை. சிறிது நடந்தாலே மூச்சிரைப்பு. வீட்டோடு இருப்பவர்."

கொச்சபம்பா ஆஸ்பத்திரியின் ஆய்வுக் குறிப்பு எலோடியா சோக்கேயை இப்படித்தான் விவரித்தது. சோளத்தில் சிச்சா மது காய்ச்சி, கடை வைத்து, குடித்தவனை வெளியே தள்ளி, குடிக்காதவனை உள்ளே இழுத்து வாழ்ந்தவள் அவள். வீட்டோடு இருந்தது தூங்கும்போது மட்டும்.

இதயத்தைக் கெடுத்தது மண்சுவர்ப் பூச்சியின் கடி. அவள் கணவன் செனோனைக் கொண்டுபோனதும் அதுவே. அவன் காலத்தில் பேஸ்மேக்கரைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அவன் கைக்குட்டையைச் சுழற்றிக் குவேகா ஆடினால் வாத்தியக்காரர்களே அவன் காலைப் பார்த்துத்தான் வாசிப்பார்களாம். உள்ளே தாளம் தப்பிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? அவன் போன பிறகு அவள் ஆடவில்லை. ஆனால் சனிக்கிழமை ஞானமகளின் கல்யாணம். முதல் குவேகா ஞானத்தாயுடையது.

டாக்டர் அர்னேஸ் பேஸ்மேக்கர் பொருத்தும் இரண்டு முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்று, இதயத்தின் இரு பக்கமும் கம்பி வைத்துச் சேர்ந்து துடிக்கச் செய்வது. மற்றது, இதயத்தின் சொந்த மின்பாதையிலேயே கம்பியைச் செருகுவது. யாருக்கு எது என்று நோயாளியிடம் சொல்வதில்லை. எலோடியாவுக்கு ஒன்று, கல்யாணப் பெண்ணின் தாயும், அந்த ஞான உறவால் அவளுக்குக் கொமாத்ரே முறையுமான ஃபிடேலியாவுக்கு மற்றது.

"உனக்கு ரெண்டு பக்கமும் கம்பிதான் கொமாத்ரே. பேச்சுலயே தெரியுது," என்றாள் எலோடியா.

"உனக்கு ஒண்ணுமே வச்சிருக்க மாட்டாங்க. தையல் மட்டும் போட்டு அனுப்பியிருப்பாங்க."

ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதே சோதனை. நேரம் மிச்சமாகட்டும் என்று இருவரையும் வராந்தாவின் எதிரெதிர் முனைகளிலிருந்து திரும்பத் திரும்ப நடக்கவிட்டார்கள். எலோடியா கடந்த தூரம் பரிதாபம்.

"கல்யாணத்துல ஆடக் கூடாதும்மா. நடக்கவே முடியலையே உங்களால."

"எப்படி நடக்குறது டாக்டரய்யா? எதுக்க கொமாத்ரே வர்றா. கையப் பிடிச்சு, பெத்த அஞ்சையும் பேர் சொல்லி விசாரிக்காம தாண்டுனா மனுசின்னு சொல்வாங்களா?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும் எதுக்கதானே வந்தா?"

"நானும் எல்லாருக்கும் சுகம்னுதான் சொன்னேன்," என்றாள் ஃபிடேலியா. "அதுக்குள்ள யாருக்கு என்ன ஆகப்போகுது?"

இத்தனை நாளும் தாம் அளந்தது ஊர் மரியாதையை என்று டாக்டருக்குப் புரிந்தது. ஃபிடேலியாவை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, எலோடியாவைத் தனியே நடக்கச் சொன்னார்.

வெறிச்சோடிய வராந்தா அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் மனசுக்குள் புனாட்டா சந்தைக்கு நடந்தாள்: இவளும் ஃபிடேலியாவும் கை கோத்துக்கொண்டு, முன்னால் சரங்கோவை மீட்டியபடி செனோன், வழியெல்லாம் பீச் பழ வாசனை. அவன் எப்போதும் கொஞ்சம் வேகம். எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். "போதும்மா, நில்லுங்க," என்று டாக்டர் சொன்னபோதுதான் மூச்சு முட்டவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது.

டாக்டர் அளவுநாடாவை இரண்டாம் முறை பார்த்தார். "ஒரே ஒரு ஆட்டம். அதுக்கு மேல வேண்டாம்."

சனிக்கிழமை எலோடியா மாப்பிள்ளையோடு முதல் குவேகாவை முழுதாக ஆடினாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.