இருபத்தெட்டு சென்ரிமீற்றர் தொப்பி

“தொப்பி கொண்டு வந்தனீங்களோ, அப்பா?”

குறைமாதக் குழந்தைகளின் வார்டு வாசலில் மிஸ் (தாதியை எங்கள் பக்கம் இப்படித்தான் அழைப்போம்) கேட்டார். என் கையில் ஒன்றுமில்லை. மகள் இரண்டு மாதம் முந்திப் பிறந்து, ஒன்றரைக் கிலோவும் இல்லாமல் உள்ளே இன்கியுபேட்டரில் (சூட்டுப் பெட்டி) கிடந்தாள். பிள்ளை கைக்கு வருமுன் அதற்கென்று துணி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தின் மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

“கடைத் தொப்பி எல்லாம் பெரிசு. பிள்ளையின்ர தலை இருபத்தெட்டு சென்ரிமீற்றர்தான். சூடு தலையாலதான் கூடப் போகும். பழைய நூல்சீலையில தைச்சு, தோய்ச்சுக் கொண்டு வாங்கோ.”

வீட்டில் தைக்கத் தெரிந்தவள் மனைவி சுகந்தி. அவளோ பிரசவத்தில் ஏறிய இரத்த அழுத்தம் இறங்காமல் ஆஸ்பத்திரி மேல்மாடி வார்டில் கிடந்தாள். நான் பூநகரியில் வயல் செய்பவன். அதுவரை நான் தைத்ததெல்லாம் நெல் மூட்டையின் வாய்தான்.

பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரமெல்லாம், பிள்ளைக்குக் குளிருமே என்ற ஒரே நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் சுகந்தியின் பழைய சீலையில், தையலுக்கு இரண்டு விட்டு, முப்பது சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். ஓரங்களைச் சேர்த்துக் குழாய்போலத் தைத்தேன். மேல்வாயில் நூலோட்டி, இழுத்து முடிந்தேன். தையல் கோணிப்போனதால் மூன்று தரம் பிரிக்க வேண்டியிருந்தது. முடிச்சுகளையெல்லாம் உட்பக்கம் மறைத்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் மிஸ் தொப்பியை வாங்கி, உள்ளே இருந்ததை வெளியே திருப்பினார்.

“முடிச்சு உள்ளுக்கு இருந்தால் தோல் உரிஞ்சு போகும். வடிவு பிறகு பாப்பம்.”

தைக்கப்போகும் பெற்றோர் இதை மறக்க வேண்டாம்.

கங்காரு பராமரிப்புக்கு (பிள்ளையைத் தோலோடு தோல்பட நெஞ்சில் வைத்திருத்தல்) தாயால் இயலாததால், டொக்டர் என்னை ஒரு கதிரையில் (நாற்காலி) இருத்தி, மகளை என் நெஞ்சில் வைத்தார்.

“அப்னியா (குறைமாதப் பிள்ளையின் மூச்சு இடையில் நின்றுபோவது) வரலாம். வந்தால் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டே எங்களைக் கூப்பிடுங்கோ” என்றார்.

அன்று மத்தியானமே வந்தது. என் நெஞ்சின் மேல் இருந்த அந்தச் சின்ன அசைவு நின்றது. தொப்பியின் கீழே நெற்றி நீலம் பாரித்தது.

“மிஸ்!”

உள்ளங்காலைத் தட்டினேன். மீண்டும் தட்டினேன். மிஸ் ஓடி வந்து முதுகைத் தேய்த்தார். அவள் ஒருதரம் கேவினாள். பிறகு மூச்சு வந்தது.

“இருபது செக்கன் (நொடி) இருக்கும்” என்றார் மிஸ். எனக்கு ஒரு போகம் விதைத்து அறுத்த காலம்போல இருந்தது. நான் எல்லோர் முன்னாலும் அழுதேன்.

இப்போது மகளுக்கு இரண்டு வயது. வரம்பில் ஓடுகிறாள், பிடிக்க முடியவில்லை. ஆனால் மத்தியானம் அவள் படுத்தால் என் உடம்பு மறுபடியும் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குனிந்து அவள் நெஞ்சையே பார்த்து நிற்பேன். நேற்றும் அப்படி நின்றபோது சுகந்தி என் முதுகில் தட்டினாள்.

“இஞ்சேருங்கோ, அவள் மூச்சு விடுறாள். நீங்களும் விடுங்கோ.”